கமலினி அக்காவும் மன்னிப்புப் பட்டியலும்

கமலினி அக்கா இறந்துவிட்ட செய்தி எனக்கு யூர்கனிடமிருந்து வந்தது. அக்கா எட்டு வருடமாக ஒரு வார்த்தை பேசாமல் ஒதுக்கி வைத்திருந்த மனிதர் அவர். ஒரு செவ்வாய்க்கிழமை, வால்டோர்ஃப் ஊரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது கைபேசியில் அவர் பெயர் தெரிந்தது. செய்தியைத் திறப்பதற்கு முன்பே 'கண்டுபிடித்துவிட்டார்' என்று நினைத்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் படித்தேன். மூன்றே வரி. உள்ளூர்ப் பத்திரிகையில் மரண அறிவித்தலைப் பார்த்தாராம். எனக்குச் சொல்ல வேறு யாராவது இருக்கிறார்களா என்று தெரியாததால் எழுதுகிறாராம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இறுதிச் சடங்கு. படித்து முடித்ததும் முதலில் வந்தது நிம்மதி. அதற்குப் பிறகுதான் துக்கம் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சடங்குக்கு வந்த உங்களில் பலர் யூர்கனைப் பார்த்திருப்பீர்கள். கடைசி வரிசையில், கதவை ஒட்டி, சாம்பல் நிறக் கோட்டைக் கழற்றாமல் நின்றாரே, அவர்தான். அவரைச் சுற்றி நாலு நாற்காலி காலியாக இருந்தது. ஒருவர் என் காதில், "உவன்தான் அக்காவின்ரை வேலைக்கு உலை வைச்சவன். என்ன துணிவிலை வந்து நிக்கிறான் பாருங்கோ," என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அக்காவின் தங்கை பத்மினி அக்கா பேர்லினிலிருந்து அழைத்தார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். நானும் எழுத வேண்டுமாம். "அக்காவோடை வேலை செய்த தமிழ் ஆள் நீங்கள் ஒராள்தானே. அக்காவுக்குப் புகழ்ச்சி பிடிக்காது, தெரியும்தானே. உள்ளதை எழுதித் தாங்கோ," என்றார். 'உள்ளதை' என்ற சொல்லைக் கேட்டதும் இவருக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இல்லை, அவர் வெள்ளை மனதோடுதான் கேட்டார். அக்காவின் வேலை போகக் காரணமான மொட்டைக் கடிதத்தை எழுதியது யூர்கன் என்று அவரும் நீங்களும் நம்புகிறீர்கள். அக்கா சொல்லி நம்புகிறீர்கள். யூர்கன் அதை எழுதவில்லை. நான் எழுதப்போவது அதைப் பற்றித்தான். ஆனால் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

பத்து வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் முதுகலை முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். பக்கத்து ஊரில் ஓர் ஆய்வு நிறுவனம் நிரல் எழுத ஆள் தேடியது. அதன் பெயர் இங்கே வேண்டாம். முதல் நாள் எனக்கு ஒதுக்கிய அறைக்குள் போனால், எதிர் மேசையில் ஒரு தமிழ்ப் பெண்மணி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"உம்மை ஆர் அனுப்பினது?"

"ஹெச்.ஆர்.ல சொன்னாங்க மேடம், ரூம் இதுதான்னு."

"அது தெரியும். உமக்கு மேலை ஆர் எண்டு கேக்கிறன்."

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு நம் தமிழ் என்றால் இளக்காரம் என்று யாரோ எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். எதற்கு வம்பு என்று ஒரு வாரம் ஆங்கிலத்திலேயே பேசினேன். எட்டாம் நாள் அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "என்னோடை இங்கிலீசிலை கதைக்கிறது என்னத்துக்கு? ஒளிக்கிறதுக்கு ஏதும் இருக்கோ?" அன்றிலிருந்து அவர் அக்கா, நான் தம்பி. ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த சந்தேகம் அதோடு தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். பேசுவதற்கு வசதியாகிவிட்டது, அவ்வளவுதான்.

அக்காவின் சந்தேகங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். மடிக்கணினியின் கேமராவில் எப்போதும் ஒரு மாம்பழ ஸ்டிக்கர். கதவுப் பலகையில் முழுப் பெயர் போட விடமாட்டார். யாராவது பிறந்தநாள் கேக் கொண்டுவந்தால், "உவ போன வருசம் கொண்டு வரேல்லையே, இந்த முறை என்னத்துக்கு?" என்பார். மின்னஞ்சல் வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் யார் யாருக்குப் பிரதி போயிருக்கிறது என்று பார்ப்பார். நானும் கொஞ்சம் அப்படிப்பட்ட ஆள்தான். என் சந்தேகங்களை நான் வெளியே சொல்வதில்லை, அவர் சொல்வார். எங்கள் இருவருக்கும் இருந்த முக்கியமான வித்தியாசம் அதுதான் என்று இப்போது படுகிறது.

எங்கள் வேலை அயர்லாந்தைப் பற்றியது. நானூறு, நானூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அயர்லாந்து. ஆங்கில அரசு அந்தத் தீவைத் துண்டு துண்டாகத் தன் பிடிக்குள் கொண்டுவந்த காலம். அங்கே ஊருக்கு ஒரு தலைவன், அவனுக்கு ஒரு படை. இன்றைக்கு எதிர்ப்பார்கள், நாளைக்குச் சமாதானம் பேசுவார்கள். சமாதானம் பேசியவர்களுக்கு அரசு மன்னிப்புப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. முதலில் தலைவனின் பெயர் இருக்கும். அடுத்து அவன் தம்பிமார், காலாட்கள், குதிரைக்காரர்கள். அவர்களுக்கும் கீழே வைத்தியர், யாழ் மீட்டுபவர், கவிராயர், உழுகிறவர் என்று அந்த மண்ணில் இருந்த ஆண்கள் எல்லாரும் வரிசையாக இருப்பார்கள். சாதாரண மனிதர்களின் பெயர் கிடைக்கிற இடம் அதுதான். அந்தப் பெயர்களையெல்லாம் கணினியில் ஏற்றி, யார் யாருக்கு உறவு, யார் எந்த ஊர் என்று தொடுத்துக் கொடுக்க வேண்டும்.

அந்த வேலையில் முதல் மாதமே உதை வாங்கினேன். அயர்லாந்துக்காரன் பெயரோடு அப்பன் பெயரும் தாத்தா பெயரும் வரும். நான் கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, ஒரே தாத்தா பெயர் வந்தவர்களையெல்லாம் ஒரே குடும்பமாகக் கட்டிவிட்டேன். அக்கா பார்த்துவிட்டுக் கேட்டார், "உமக்கு இஞ்சை காயிதம் என்ன பேரிலை வருது?" எனக்கு வருகிற கடிதமெல்லாம் 'திரு சண்முகம்' என்றுதான் வரும். சண்முகம் என் அப்பா. மதுரைக்கு அந்தப்பக்கம் போகாத மனிதர். ஜெர்மனியில் அவர் பெயரில் மின்சார இணைப்பு இருக்கிறது. "உம்மடை கொப்பருக்கு ஜெர்மன்காரன் செய்ததை நீர் இந்தச் சனத்துக்குச் செய்யிறீரே, தம்பி," என்றார். அன்று இருவரும் சிரித்த சிரிப்பில், அடுத்த அறையிலிருந்து யூர்கன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

யூர்கன் எங்கள் ஆவணக் காப்பாளர். அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் நகராட்சி அலுவலகம் ஒன்றில் அறிவிப்புகளும் கடிதங்களும் எழுதியவர். நாங்கள் எழுதுகிற ஜெர்மனைச் சிவப்பு மையில் திருத்தித் தருவார், கேட்காமலே. தோட்டத்தில் காய்த்த ஆப்பிளைப் பையில் போட்டு அக்காவின் மேசையில் வைப்பார். அக்கா ஆரம்பத்தில் அதையும் சந்தேகப்பட்டார். பிறகு சாப்பிட ஆரம்பித்தார். அவர்கள் இருவரும் மாலை டிராமில் ஒன்றாகப் போவார்கள்.

அக்காவின் சொந்தத் துறை அந்தக் காலத்துக் கவிராயர்கள். தலைவனைப் புகழ்ந்து பாடுவதும், அவன் வம்சத்தைத் தேவர்கள் வரைக்கும் நீட்டுவதும், அவன் செத்தால் அவன் மனைவியைவிட அதிகமாக அழுது பாடுவதும் அவர்கள் தொழில். ஆங்கில அரசுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. தலைவர்களை உசுப்பிவிடுகிறார்கள் என்று பிடித்துத் தண்டித்தது. அதே கவிராயர்களில் சிலர் ஆங்கிலப் பக்கம் சாய்ந்த பிரபுக்களுக்கும் வஞ்சனையில்லாமல் பாடினார்கள். "செத்தவனைப் பற்றின பாட்டை வாசிச்சால், உயிரோடை இருக்கிற எந்தக் காதுக்கு அது பாடினது எண்டு பாரும்," என்பார் அக்கா. யாழ்ப்பாணத்தில் இறந்தவரைப் புகழ்ந்து பாடி முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகங்களையும் அவர் விடவில்லை. "ஒரு கல்வெட்டிலையாவது, 'இவர் பொல்லாத மனுசன், சனம் ஒதுங்கிப் போச்சுது' எண்டு இருக்குதோ? எங்கடை ஊரிலை செத்ததெல்லாம் உத்தமர்தான்." அக்காவின் மலருக்கு எழுத உட்கார்ந்து நான் நாலு தாள் கிழித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் சண்டை ஒரு பெட்டியில் ஆரம்பித்தது. கணினியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதிவு. பதிவில் ஒரு பெட்டி: கிளர்ச்சியாளர், ஆம் அல்லது இல்லை. மன்னிப்பு வாங்கியிருக்கிறான் என்றால் ஏதோ செய்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்? எல்லாருக்கும் 'ஆம்' என்று தானாகவே விழும்படி எழுதிவிட்டேன். அதை வைத்து ஒரு வரைபடமும் செய்தேன். கிளர்ச்சியாளர் இருந்த ஊரெல்லாம் சிவப்புப் புள்ளி. திட்டத் தலைவிக்கு அந்த வரைபடம் ரொம்பப் பிடித்துப்போனது. திட்டத்துக்குப் பணம் தொடர்வதா என்று முடிவு செய்யும் மதிப்பீட்டுக் குழு வரும்போது சுவரில் பெரிதாகக் காட்டுவோம் என்றார்.

அக்கா வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "யாழ் மீட்டுறவனும் உழவனும் கிளர்ச்சிக்காரரோ?"

"பார்டன் வாங்கியிருக்காங்களேக்கா. ஒண்ணும் செய்யாமலா வாங்குவாங்க?"

"வாங்குவினம். நாளைக்கு ஆமி வந்து கேட்டால் காட்டுறதுக்கு ஒரு துண்டு வேணும். தலைவன்ரை பேரோடை தங்கடை பேரையும் சேர்த்துப் போட்டிடுவினம். இது குற்றம் செய்த ஆக்களின்ரை பட்டியல் இல்லைத் தம்பி. பயந்த ஆக்களின்ரை பட்டியல்."

"சரிக்கா, ஆனா 'தெரியாது'ன்னு ஒரு ஆப்ஷன் வச்சா மேப்ல ஒண்ணுமே மிஞ்சாது. ரிவியூவுக்கு எதைக் காட்டுறது?"

"ஒண்டும் மிஞ்சாட்டில், ஒண்டும் இல்லை எண்டதைக் காட்டும்."

அன்று மத்தியானம் அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். உங்களில் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்த கதை. எனக்கு அன்றுதான் தெரியும். அக்கா பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் ராணுவம் ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்களையெல்லாம் மைதானத்தில் வரிசையாக நடக்க வைத்தது. ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடிய ஒருவன். அவன் தலையசைத்தால் அந்த ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். தபால் கந்தோரில், அதாவது தபால் அலுவலகத்தில், வேலை பார்த்த அக்காவின் அப்பாவுக்குத் தலை அசையவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரருக்கு அசைந்தது. அவர் திரும்பி வரவே இல்லை.

"அப்பா வீட்டை வந்திட்டார். அதுதான் பிழையாய்ப் போச்சுது," என்றார் அக்கா. "ஏன் இவரை விட்டவங்கள், இவர்தான் ஏதும் சொல்லிக் குடுத்திருப்பார் எண்டு ஊர் கதைக்கத் தொடங்கீட்டுது. பக்கத்து வீட்டு மாமி அதுக்குப் பிறகு எங்கடை படலையைத் திறக்கேல்லை. அப்பா சாகுமட்டும் அந்தப் பேரோடைதான் இருந்தவர். உம்மடை பெட்டியிலை 'ஆம்' எண்டு போட ஒரு நொடி காணும். அதை அழிக்க ஒரு ஆயுசு காணாது."

எனக்கு உருக்கமாகத்தான் இருந்தது. பெட்டியை மட்டும் மாற்றவில்லை.

மதிப்பீட்டுக் குழு வருவதற்கு ஒரு மாதம் இருந்தது. வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் குறைந்துகொண்டே வந்ததைக் கவனித்தேன். பதிவுகளின் மாற்றப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். தினமும் மத்தியானம், அக்காவின் கணக்கிலிருந்து, ஒவ்வொன்றாக, 'ஆம்' அழிக்கப்பட்டு வெறுமையாக விடப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் மூல ஆவணத்தைத் திறந்து படித்துவிட்டுத்தான் அழித்திருக்கிறார். அதுவும் பதிவில் தெரிந்தது. அதை நான் பார்க்க விரும்பவில்லை. என்னைக் கவிழ்க்கத்தான் செய்கிறார் என்று நினைத்தேன். எனக்கு எதிராகத் தலைவியிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாரோ என்று நினைத்தேன். நினைக்க நினைக்க எல்லாம் பொருந்தி வந்தது. எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சாக்குச் சொல்லவில்லை, என் நிலைமையைச் சொல்கிறேன். என் ஒப்பந்தம் அந்தக் குழுவின் முடிவைப் பொறுத்து இருந்தது. விசா ஒப்பந்தத்தைப் பொறுத்து இருந்தது. என் மனைவி சுதா அப்போது ஏழு மாதக் கர்ப்பம். விசாவை நீட்டிக்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், சந்திப்பு நேரம், வாங்கி வைத்திருந்தோம். ஒரு மத்தியானம் அக்கா ஆவணக் காப்பகத்துக்குப் போயிருந்தபோது, திட்டத் தலைவிக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். ஆய்வுத் தரவுகளை ஒருவர் அனுமதியின்றி அழித்து வருகிறார், மாற்றப் பட்டியலைப் பார்க்கவும் என்று.

எனக்குப் பேச்சு ஜெர்மன் சுமாராக வரும், எழுத்து ஜெர்மன் வராது. என்னிடம் இருந்த எழுத்து ஜெர்மன் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தது: வெளிநாட்டவர் அலுவலகம் எனக்கு அனுப்பிய கடிதங்கள். இங்கே வந்து குடியேறிய நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தக் கோப்பு இருக்கும். அவற்றிலிருந்து வாக்கியங்களை உருவினேன். 'கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது', 'உரிய நடவடிக்கை எடுக்கப்படாத பட்சத்தில்' என்கிற மாதிரி வாக்கியங்கள். இடையில் என் விஷயத்தைச் செருகி, கணினியில் பிழை திருத்தி, அச்செடுத்துத் தலைவியின் தபால் பெட்டியில் போட்டேன். சாப்பாட்டு இடைவேளைக்குள் வேலை முடிந்துவிட்டது.

ஒரு வாரத்தில் அக்கா தரவுகளைத் தொட முடியாதபடி ஆக்கிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் முடியவிருந்த அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்றும் சொல்லிவிட்டார்கள். விசாரிக்க வேண்டும் என்று அக்கா கேட்டதற்குக் கடிதத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் கொடுத்தார்கள். எனக்கு இப்படி ஆகும் என்று தெரியாது என்று சொன்னால் நம்புவீர்களா? ஓரளவுக்குத் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை உணவகத்தில் அக்கா அந்தப் பிரதியை மேசையில் விரித்தார். எனக்கு முன்னால் உருளைக்கிழங்கு சூப். அக்கா சாப்பிட ஒன்றும் எடுக்கவில்லை.

"வடிவாய்ப் பாரும், தம்பி. இது படிச்ச பிள்ளையளின்ரை ஜெர்மன் இல்லை. இது கந்தோர் ஜெர்மன். வருசக்கணக்காய் ஒரு மேசையிலை இருந்து சனத்துக்கு அறிவித்தல் எழுதின கை. இந்தக் கட்டடத்திலை அப்பிடி எழுதுறது ஒரு ஆள்தான்."

நான் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு நம்பேலாமல் கிடக்கு," என்றார். "நேற்றும் டிராமிலை பக்கத்திலை இருந்து கதைச்சுக்கொண்டு வந்தவர். நீர் என்ன நினைக்கிறீர்? யூர்கனோ?"

நான் தலையாட்டினேன். பிறகு வாயாலும் சொன்னேன்: "இருக்கலாம்க்கா."

அக்கா தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். "ஓம். அப்ப சரி," என்றார்.

அந்தக் காலத்து அயர்லாந்தில் கலவரத்துக்குப் பிறகு வாங்கிய சாட்சியங்களைப் பற்றி அக்கா எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆயிரம் பேர் சொன்னது ஒரே மாதிரி இருக்கிறதென்றால், பேசியவர்கள் ஒரே மாதிரிப் பேசினார்கள் என்று அர்த்தமில்லை. எழுதிக்கொண்டவர்கள் ஒரே மாதிரிப் படித்தவர்கள் என்றுதான் அர்த்தம், தாளில் கேட்பது எழுத்தரின் குரல் என்பார். அதே கந்தோர்க் கடிதங்கள் அக்காவின் வீட்டிலும் இரண்டு கோப்பு நிறைய இருந்தன. அகதியாக வந்து அன்ட்ராக் மேல் அன்ட்ராக், விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம், போட்டவர் அவர். அவற்றைப் பார்த்து எழுதினால் யார் கையும் கந்தோர்க் கை ஆகும் என்பது அவருக்குத் தெரியாததா? தெரியும். அவர் அந்தப் பக்கம் யோசிக்காததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். எதிரே உட்கார்ந்து சூப் குடிப்பவனை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அக்கா போன பிறகு, குழு வருவதற்கு மூன்று நாள் முன்பு, பெட்டியில் மூன்றாவதாக 'தெரியவில்லை' என்று சேர்த்தேன். குற்ற உணர்ச்சியில்தான் செய்தேன். குழு அதைத்தான் பாராட்டியது. ரொம்ப நேர்மையான அணுகுமுறை என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள். என் ஒப்பந்தம் நீண்டது. அது அக்காவின் யோசனை என்று நான் சொல்லவில்லை.

மகள் பிறந்தபோது அக்கா இரண்டு டிராம் மாறி, தூக்குச் சட்டியில் பத்தியக்கறி கொண்டுவந்தார். பத்து நாள் கொண்டுவந்தார். சுதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிடும் பிள்ளை, ஊரிலை எண்டால் கொம்மா பார்த்திருப்பா," என்று ஊட்டாத குறையாகக் கொடுப்பார். எனக்கும் ஒரு கோப்பையில் ஊற்றித் தருவார். குடித்தேன். அதற்குப் பிறகு நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் மொழிபெயர்ப்பாளராக அக்கா ஓடியது உங்களுக்குத் தெரியும். மத்தியில் கிடைத்த நேரத்தில் கவிராயர்களைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். நிரந்தரமான ஒரு வேலை கடைசிவரை கிடைக்கவில்லை.

யூர்கனை வழியில் கண்டால் அக்கா சாலையின் மறுபக்கம் போய்விடுவார். அவர் இரண்டு இலையுதிர்காலம் அக்காவின் வாசலில் ஆப்பிள் பை வைத்துவிட்டுப் போனார். அக்கா தொடவில்லை. "என்ன துணிவிலை கொண்டுவந்து வைக்கிறான்!" என்று என்னிடம்தான் வந்து சொன்னார். யூர்கன் ஓய்வுபெற்ற நாளில், பிரிவு விருந்தில், என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்: "நான் அவளுக்கு என்ன செய்தேன்? உனக்குத் தெரியுமா?" நான் சொன்னேன், "அவங்க அப்படித்தான். எல்லாரையும் சந்தேகப்படுவாங்க." யூர்கன் அதை நம்பினார். நம்பும்படியாகத்தான் அக்காவும் இருந்தார், அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

எனக்கு நிரந்தர அனுமதி கிடைத்தது. வால்டோர்ஃபில் நல்ல வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு பயப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அக்கா வீட்டுக்கு வருவார், மகளுக்குப் புத்தகம் கொண்டுவருவார். அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று இருப்பேன். வருடம் ஏற ஏற வாய் வரவில்லை. போன மாசியில் மருத்துவமனையில் பார்த்தபோது, தாதி கொண்டுவந்த மாத்திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "நேற்று மஞ்சள், இண்டைக்கு வெள்ளை. உதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லும் தம்பி, உம்மைத்தான் நம்பலாம்," என்றார். கேட்டுச் சொன்னேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டுப் பத்மினி அக்காவை அழைத்து வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே அவர் அழ ஆரம்பித்துவிட்டார். நான் நிறுத்தவில்லை. கடைசி வரி வரை வாசித்தேன்.

"எங்கடை அக்காவின்ரை கையாலை சாப்பிட்டிருக்கிறீங்கள்," என்றார்.

"ஆமாக்கா."

"இனி எங்கடை வீட்டுப் பக்கம் வரவேண்டாம். ஆனா இதை அடிக்கத்தான் போறன். ஒரு எழுத்து மாத்தாமல் அடிப்பன். அந்த மனுசனை நாங்கள் எல்லாரும் நாய் மாதிரி வாசலிலை நிக்க விட்டனாங்கள். முதல் அவரிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. பேந்துதான் எங்கடை சனத்துக்கு."

போன சனிக்கிழமை யூர்கனின் வீட்டுக்குப் போனேன். அக்கா இருந்த தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. சமையலறையில் உட்கார வைத்து காபி ஊற்றினார். காபியைத் தொடாமல், மனப்பாடம் செய்துகொண்டு போன ஜெர்மனில், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அந்தக் கடிதத்தின் வாக்கியங்கள் எங்கிருந்து எடுத்தவை என்பது வரைக்கும் சொன்னேன். அவர் கத்துவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். மேசைத் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். எழுபது தாண்டிய மனிதர்.

"எட்டு வருடம்," என்றார். "தினமும் அவள் வீட்டைத் தாண்டித்தான் ரொட்டி வாங்கப் போவேன். ஒரு தடவை நிறுத்தி, நீயா செய்தாய் என்று கேட்டிருக்கலாமே. ஏன் கேட்கவில்லை?"

"கேட்டாங்க," என்றேன். "என்கிட்ட கேட்டாங்க. அவங்களால நம்ப முடியலை. நான்தான் ஆமான்னு சொன்னேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். வழியனுப்ப அவர் வரவில்லை.

அக்காவை அறிந்தவர்களே, உங்களில் ஒருவரையாவது அவர் சந்தேகிக்காமல் விட்டிருப்பாரா? பத்திரிகையை, டாக்டரை, கோயில் நிர்வாகத்தை, நானூறு வருடத்துக்கு முந்தைய எழுத்தர்களை, ஆப்பிளைக்கூட. அத்தனைக்கும் நடுவில் ஓர் ஆளின் பேச்சை மட்டும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நம்பிக்கைதான். அது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரியாமலே அவரை அனுப்பிவிட்டேன்.